ஒரு ரூபாய்க்குத் திறக்கும் பதிவேடு: வேட்பாளர் செலவுக் கணக்கைப் பார்வையிடும் சேவை பற்றிய மதிப்பீடு

1961ஆம் ஆண்டின் தேர்தல்கள் நடத்தும் விதிகளில் 88ஆவது விதி மிகச் சிறியது. தேர்தலில் போட்டியிட்டவர் தாக்கல் செய்த செலவுக் கணக்கை, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி, எவர் வேண்டுமானாலும் பார்வையிடலாம். உரிய கட்டணத்தைச் செலுத்திச் சான்றிட்ட நகலும் பெறலாம் என்கிறது அந்த விதி. பார்வையிடுபவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்றோ, காரணம் சொல்ல வேண்டும் என்றோ அதில் நிபந்தனை எதுவும் இல்லை. நம் நாட்டில் ஒரு குடிமகனுக்கு இவ்வளவு குறைந்த கட்டணத்தில் இவ்வளவு முக்கியமான ஆவணத்தைக் காட்டும் வேறொரு அரசுச் சேவை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் இப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பயன்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. முப்பது ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில், 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு இந்தச் சேவையை நேரில் பயன்படுத்திப் பார்த்தேன். அங்கே எதைப் பார்க்க முடிகிறது, எதைப் பார்க்க முடியவில்லை என்பதை எழுதுவது பிறருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நடைமுறை. தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், வென்றவரானாலும் வைப்புத்தொகையை இழந்தவரானாலும், தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரே அந்த அலுவலர். கணக்கு வந்து சேர்ந்த 2 நாட்களுக்குள், அது எந்தத் தேதியில் தாக்கலானது, எந்த இடத்தில் எந்த நேரத்தில் பார்வையிடலாம் என்பதை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்கிறது 87ஆவது விதி. 2024இல் முடிவு ஜூன் 4ஆம் தேதி வந்தது. ஆகவே கணக்குகளுக்குக் கடைசி நாள் ஜூலை 4. நான் ஜூலை இரண்டாம் வாரத்தில் சென்றேன்.

நான் சென்ற அலுவலகம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை எழுத விரும்பவில்லை, ஏனெனில் அங்கே இருந்தவர்கள் முறைகேடு எதுவும் செய்யவில்லை; அவர்களுக்கு இந்தக் கோரிக்கை பழக்கமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். தேர்தல் பிரிவில் இருந்த உதவியாளர், “சார், இது கட்சிக்காரங்க பார்க்கிறதுதானே, நீங்க எந்தக் கட்சி?” என்று உண்மையான குழப்பத்துடன் கேட்டார். விதியின் எண்ணைச் சொன்ன பிறகு வட்டாட்சியர் நிலையிலிருந்த ஓர் அம்மையார் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்து, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். ஒரு ரூபாயை எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாததால் அன்று முழுவதும் கழிந்தது. மறுநாள் முற்பகலில் மூன்று வேட்பாளர்களின் கோப்புகளை மேசைமேல் வைத்து, மாலை வரை அமர்ந்து படிக்க அனுமதித்தார்கள். ஒரு நாள் வீணானதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து கூலி வேலையை இழந்து நிற்கும் ஒருவருக்கு அந்த ஒரு நாள் பெரிய தடை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி கோப்புக்குள் இருப்பதைப் பார்ப்போம். வேட்புமனு தாக்கலின்போதே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பதிவேடு வழங்கப்படுகிறது. அதில் வெள்ளைத் தாள்களில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாள்களில் ரொக்க வரவு செலவு, மஞ்சள் தாள்களில் வங்கி வரவு செலவு என்று மூன்று பகுதிகள் உண்டு. வேட்புமனு தாக்கல் செய்வதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகத் தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ 10,000 ரூபாய்க்கு மேல் தருவதானால் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோதான் தர வேண்டும். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை இந்தப் பதிவேட்டைச் செலவினப் பார்வையாளரிடமோ அவர் குறிப்பிடும் அலுவலரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு பற்றுச்சீட்டுகள், சுருக்க அறிக்கை, பொதுக்கூட்டம், வாகனம், விளம்பரப் பொருள், ஊடகம், பணியாளர் என்று தனித்தனி அட்டவணைகள், கடைசியில் உறுதிமொழிப் பத்திரம். இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு கோப்பு.

தணிக்கையாளன் என்ற முறையில் இந்த அமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மூன்று நிறத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு தேதியில் கொடுத்த தொகை ரொக்கமா வங்கியா என்பதும், அந்தப் பணம் அதற்கு முன் எங்கிருந்து கணக்குக்குள் வந்தது என்பதும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். பல கூட்டுறவுச் சங்கங்களில் இவ்வளவு நல்ல பதிவேட்டு முறை கிடையாது. படிவத்தை வடிவமைத்தவர்கள் கணக்கு தெரிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பதிவேட்டில் எழுதப்படுவது வேறு செய்தி சொல்கிறது. உண்மையான செலவுக்குச் சில்லறை உண்டு. மேடைக்காரர் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். தேநீர் சில குவளைகள் கூடும். டீசல் ஒரு நாள் போல் மறுநாள் ஆகாது. நான் படித்த கோப்புகளில் இரண்டில் பக்கம் பக்கமாகத் தொகைகள் அரசு நிர்ணயித்த விலைப் பட்டியலின் பெருக்கலாகவே இருந்தன. அந்தப் பட்டியலைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: நாற்காலி, ஒலிபெருக்கி, கொடி, துண்டு, மாலை, தேநீர், உணவுப் பொட்டலம் என்று பிரசாரத்தில் புழங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கலந்தாலோசித்து ஒரு விலையை அறிவிப்பார். வேட்பாளர் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு இது. நடைமுறையில் அதுவே, என்ன செலவானது என்று எழுதுவதற்குப் பதிலாக என்ன எழுதினால் ஏற்கப்படுமோ அதை எழுதும் பழக்கத்துக்கு வழி செய்துவிட்டது என்பது என் கணிப்பு. மூன்றாவது கோப்பு ஒரு சுயேச்சையுடையது. சில பக்கங்களே கொண்ட அந்தக் கோப்பில் துண்டறிக்கை அச்சுக்கூலி, வாடகை ஆட்டோ, ஒலிபெருக்கி எல்லாம் சில்லறையோடு கூடிய, முழுமையாக்கப்படாத எண்களில் இருந்தன. எண்களைப் பார்த்தவுடனேயே அது உண்மைக் கணக்கு என்று எனக்குத் தோன்றியது.

வேட்பாளர் எழுதுவது மட்டுமே சான்றாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேர்தல் ஆணையம் 2010 முதல் ஒரு தனி ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. வீடியோ கண்காணிப்புக் குழு பொதுக்கூட்டத்தைப் படம்பிடிக்கும். அதைப் பார்க்கும் குழு நாற்காலிகளையும் வாகனங்களையும் கொடிகளையும் எண்ணும். கணக்குக் குழு அவற்றை விலைப் பட்டியலின்படி மதிப்பிட்டு நிழல் பதிவேடு ஒன்றில் எழுதிவரும். வேட்பாளரின் பதிவேட்டுக்கும் நிழல் பதிவேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் விளக்கம் கேட்டு அறிவிப்பு செல்லும். கோப்பில் இத்தகைய அறிவிப்புகளும் பதில்களும் சேர்க்கப்பட்டிருந்தால் அவற்றை முதலில் படியுங்கள். ஒரு கூட்டத்துக்கு இத்தனை நாற்காலி என்று வேட்பாளர் சொல்வதும், அதைவிடப் பல மடங்கு என்று குழு சொல்வதும், இறுதியில் எந்த எண் ஏற்கப்பட்டது என்பதும் அந்தச் சில தாள்களில் தெரிந்துவிடும். எந்தப் பக்கத்தின் வாதம் வலுவானது என்று வாசகர் தாமே முடிவு செய்யலாம். இந்தச் சேவையின் பெரும் பயன்களில் இது ஒன்று.

இன்னொரு பயன் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் செலவை மட்டுமே பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுருக்க அறிக்கையில் பணம் வந்த வழி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: வேட்பாளரின் சொந்தப் பணம், கட்சி மொத்தமாகக் கொடுத்த தொகை, தனி நபர்களோ நிறுவனங்களோ கொடுத்த நன்கொடை அல்லது கடன். மூன்றாவது வகையில் கொடுத்தவரின் பெயரும் தொகையும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு இவ்வளவுக்குமேல் நன்கொடை தரக் கூடாது என்ற உச்சவரம்பு இந்தியச் சட்டத்தில் இல்லாததால், கொடுத்தவர் யார் என்று வெளியில் தெரிவது ஒன்றே இங்கே நமக்குள்ள பாதுகாப்பு. வேட்புமனுவோடு தாக்கலாகும் சொத்துப் பிரமாணப் பத்திரத்தையும் இந்த அட்டவணையையும் சேர்த்துப் படித்தால் பல கேள்விகள் தாமாகவே எழும். கையிருப்பு சொற்பம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிய ஒருவர், சில வாரங்களுக்குள் பல லட்சங்களைச் சொந்தப் பணம் என்று காட்டினால், அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு.

கட்சி கொடுத்த தொகை என்று எழுதியிருந்தால் அங்கிருந்து அடுத்த ஆவணத்துக்குச் செல்ல வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்குப் பின் 75 நாட்களுக்குள்ளும், மக்களவைத் தேர்தலுக்குப் பின் 90 நாட்களுக்குள்ளும் கட்சிகள் தங்கள் செலவு அறிக்கையைத் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். ஆணையம் அதைத் தன் இணையதளத்தில் வெளியிடும். இந்த அறிக்கைகளை உட்கார்ந்து படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2019 நல்ல சான்று. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தல் செலவு அறிக்கையில், கூட்டணிக் கட்சிகளான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுக காட்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசியலில் பல நாள் விவாதமாக நீடித்த அந்தச் செய்தி வெளிவந்தது இத்தகைய அறிக்கையிலிருந்துதான். அதை எவரும் திருடிக் கொண்டுவரவில்லை. எல்லாருக்கும் திறந்து கிடந்த ஆவணம் அது.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. கட்சிக்கு யார் கொடுத்தார்கள்? கொடுத்தவரின் பெயர் வெளியில் தெரியாமல் கட்சிகளுக்கு நிதி தர வழிசெய்து, 2018 முதல் நடப்பிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விவரங்களை வெளியிட உத்தரவிட்ட பிறகே அந்தப் படி நம் கண்ணுக்குத் தெரிந்தது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதும், திமுக தேர்தல் பத்திரங்கள் மூலம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்ததும் அப்போதுதான் பொதுவெளிக்கு வந்தன. வேட்பாளரின் கோப்பில் “கட்சி கொடுத்தது” என்ற ஒரே வரிக்குப் பின்னால் இவ்வளவு நீளமான பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு ரூபாய்ச் சேவை நம்மை முதல் படிவரைதான் அழைத்துச் செல்லும்.

சேவையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இனிச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் 95 லட்சமும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும் செலவிடலாம். 2024இல் தமிழ்நாட்டில் 6.23 கோடி வாக்காளர்கள், 39 தொகுதிகள். சராசரியாக ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 16 லட்சம் வாக்காளர். அதாவது ஒரு வாக்காளருக்கு 6 ரூபாய்கூட முழுதாக வராது. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும்; அதே பரப்பில் ஆறு சட்டமன்ற வேட்பாளர்கள் சேர்ந்து 2 கோடியே 40 லட்சம் செலவிடச் சட்டம் அனுமதிக்கிறது. இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடையில் என்ன பொருத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வரம்பு யதார்த்தத்துக்கு வெகு கீழே நிற்கும்போது உண்மை எழுத விரும்புகிறவரும் எழுத முடியாத நிலை வந்துவிடுகிறது. 2009 மக்களவைத் தேர்தலில் வரம்பு 25 லட்சமாக இருந்தபோது தாம் 8 கோடி செலவிட்டதாக மகாராஷ்டிர பாஜக தலைவர் கோபிநாத் முண்டே 2013இல் ஒரு மேடையில் சொன்னதும், ஆணையம் அவருக்கு அறிவிப்பு அனுப்பியதும் பலருக்கு நினைவிருக்கும். அவர் தாக்கல் செய்திருந்த கணக்கு வரம்புக்குள்தான் இருந்தது.

வரம்பைவிட முக்கியமானது, எதைச் செலவு என்று சட்டம் எண்ணுகிறது என்பது. 77ஆவது பிரிவின்படி வேட்புமனு தாக்கல் செய்த நாளுக்கும் முடிவு அறிவிக்கும் நாளுக்கும் இடையில் வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்த அல்லது அனுமதித்த செலவுதான் கணக்கில் வரும். அதற்கு முந்தைய ஓராண்டில் தொகுதி முழுவதும் நடத்திய விளையாட்டுப் போட்டிகளும், கோயில் திருவிழா அன்னதானங்களும், பிறந்தநாள் விழா நலத்திட்ட உதவிகளும் வராது. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி அறிவிக்கும் 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் விமானப் பயணமும் வாகனப் பயணமும் வேட்பாளரின் கணக்கில் சேராது. தலைவரின் மேடையில் வேட்பாளர் ஏறினாலோ, அவருடைய பெயரும் படமும் அங்கே இருந்தாலோ கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் ஏறும் என்பது ஆணையத்தின் விதி. தலைவர் பேசும்போது வேட்பாளர் மேடையைத் தவிர்த்துத் தனியே நிற்பதைப் பார்த்திருந்தால், அதன் காரணத்தை இந்த விதியில் தேடலாம்.

இந்த நிலை தற்செயலாக வந்ததன்று. 1974 அக்டோபரில் கன்வர்லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சி ஒரு வேட்பாளருக்காகச் செலவிட்டு, அவர் அதை மறுக்காமல் பயன்பெற்றால் அதுவும் அவருடைய செலவே என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் வந்து, பின்னர் சட்டத் திருத்தமாகி, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது என்று ஆக்கப்பட்டது. 2003இல் வந்த திருத்தம் அந்த விலக்கைப் பெருமளவு சுருக்கித் தலைவர்களின் பயணச் செலவோடு நிறுத்தியது உண்மைதான். ஆயினும் 1974 தீர்ப்பு காட்டிய நேர்மையான பாதையிலிருந்து விலகிய விலகல் முழுவதுமாகச் சரிசெய்யப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அவசரச் சட்டத்தின் விளைவை 2024ஆம் ஆண்டுக் கோப்பின் வெற்றுக் கட்டங்களில் நான் கண்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

தமிழ்நாட்டில் தேர்தல் பணம் என்றால் மக்கள் நினைப்பது வேறொன்றை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு வாக்குக்குப் பணம் என்பதற்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஒரு பெயரே வந்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் ரத்தானது; 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூரில் 11 கோடிக்கு மேல் ரொக்கம் கைப்பற்றப்பட்ட பிறகு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் அந்தத் தொகுதியின் தேர்தல் மட்டும் ரத்து செய்யப்பட்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது. இத்தகைய பணத்துக்கு எந்த நிறத் தாளிலும் வரி கிடையாது. லஞ்சம் கொடுப்பது குற்றம் என்பதால் அதைச் செலவாக எழுத இயலாது. எழுதப்படாததைப் பதிவேட்டில் தேடிப் பயனுமில்லை. அதைப் பிடிக்க வேண்டியவர்கள் பறக்கும் படையினரும் நிலைக் கண்காணிப்புக் குழுவினரும் வருமான வரித்துறையினரும்தான். 2018இல் அறிமுகமான சி-விஜில் செயலி இந்தப் பணியில் பொதுமக்களையும் சேர்த்தது. நடப்பதைப் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது அதன் வாக்குறுதி. புகார் கொடுப்பவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பணப்பட்டுவாடா நடக்கும்போது பயன்படுத்த வேண்டியது அந்தச் செயலி; எல்லாம் முடிந்த பிறகு பயன்படுத்த வேண்டியது இந்தச் சேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “கோப்பில் எதுவும் இல்லை, எல்லாம் வீண்” என்று சொல்வது சரியல்ல.

நேரில் செல்ல இயலாதவர்களுக்கு இணைய வழி இருக்கிறது. வேட்பாளர்களின் கணக்குகள் வருடிய படங்களாக ஏற்றப்படுகின்றன. கையால் எழுதிய தாளை அப்படியே படமாக்கி ஏற்றுவதால் ஒரு பெயரைத் தேடவோ, இரண்டு வேட்பாளர்களின் வாகனச் செலவை ஒப்பிடவோ, கூட்டல் சரிதானா என்று கணினியைக் கொண்டு பார்க்கவோ முடியாது. எண்களை மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்தால்தான் எந்த ஆய்வும் தொடங்கும். இந்த உழைப்பைத்தான் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய அந்த அமைப்பின் மைநேதா தளத்தில் வேட்பாளர்களின் சொத்து, கடன், வழக்கு விவரங்களைத் தொகுதிவாரியாகத் தேடிப் படிக்கலாம். வென்றவர்களின் செலவுக் கணக்குகளைப் பற்றிய அவர்களுடைய அறிக்கைகளும் பயனுள்ளவை. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் நமக்குக் கிடைப்பதற்கே அந்த அமைப்பு தொடுத்த வழக்கில் 2002இல் வந்த தீர்ப்புதான் காரணம் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எனினும் தோற்றவர்களின் கணக்கையும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு தன்னார்வ அமைப்பு தட்டச்சு செய்து தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அது அரசு செய்ய வேண்டிய வேலை. அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத் தளத்தில், ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், தொழில் வரை தேடிப் பார்க்க முடிகிறது. அதுவும் தேர்தலுக்கு முன்பே. நம்மிடம் படிவம் இருக்கிறது, அலுவலர்கள் இருக்கிறார்கள், பதிவேட்டு முறை இருக்கிறது. அதே எண்களை வேட்பாளரே கணினியில் நிரப்பும்படி செய்தால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும்.

எனக்கு மிகுந்த கவலை தந்த குறை கால அளவைப் பற்றியது. வரம்பை மீறிச் செலவிடுவது 123ஆவது பிரிவின்படி முறைகேடான செயல். அதை நிரூபித்தால் வெற்றியே செல்லாததாகும். ஆனால் அதற்கான தேர்தல் மனுவை முடிவு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும். கணக்கோ 30ஆவது நாளில்தான் வரும். இடையில் எஞ்சுவது 15 நாட்கள். அதற்குள் கோப்பைப் படித்து, நகல் பெற்று, சான்று திரட்டி, வழக்கறிஞரைப் பிடித்து, 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டி மனுவைத் தர வேண்டும். ஒரு சாதாரண வாக்காளரும் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் அவருக்கு அது தந்திருக்கும் அவகாசம் இவ்வளவுதான். நான் ஒரு நாளை வரவுத் தலைப்புக்காக இழந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கணக்குதான்.

மறுபுறம், 10அ பிரிவின் கீழ், உரிய காலத்தில் உரிய முறையில் கணக்கு தராதவரை 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. தகுதிநீக்கப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலோர் கணக்கே தாக்கல் செய்யாத சுயேச்சைகளும் சிறு கட்சியினரும்தான். கணக்கு உண்மையா என்று ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கப்பட்ட நிகழ்வுகள் மிக அரிது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், செய்தி போல வெளியான விளம்பரத்தின் செலவைக் காட்டவில்லை என்பதற்காக 2011இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டது அத்தகைய ஒன்று. கணக்கின் உண்மைத்தன்மையை ஆராயவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2014 மே மாதம் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே 15 நாள் கடந்துவிட்டாலும் ஆணையத்துக்கு எழுதும் வழி திறந்தே இருக்கிறது. நகல் கையில் இருந்தால் எழுதுவதற்கு ஆதாரமும் இருக்கும்.

மதிப்பெண் தர வேண்டுமென்றால், பதிவேட்டின் வடிவமைப்புக்கும் கட்டணத்துக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன்; நேரில் பார்வையிடும் வசதிக்கு மூன்று; இணைய வடிவத்துக்கு ஒன்றரை. சட்டமே விட்டுவைத்த ஓட்டைகளுக்காக இந்தச் சேவையின் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனமில்லை.

செல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு வந்த நாளிலிருந்து நாட்காட்டியில் 30ஆவது நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே அறிவிப்புப் பலகையைக் கவனித்து வாருங்கள். பல வேட்பாளர்கள் கடைசி நாளுக்கு முன்னதாகவே கணக்கைக் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பத்தில் 88ஆவது விதி என்று எண்ணோடு எழுதுங்கள். வென்றவரின் கோப்போடு தோற்ற ஒருவரின் கோப்பையும் கேளுங்கள், ஏனெனில் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் ஒரே பந்தலுக்கு இருவர் எழுதிய தொகையைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்காமல் எந்த எண்ணும் பேசாது. சொத்துப் பிரமாணப் பத்திரத்தின் நகலையும் மாவட்ட விலைப் பட்டியலையும் முன்கூட்டியே எடுத்துச் செல்லுங்கள். முதலில் வரவுப் பக்கம், அடுத்து நிழல் பதிவேடு தொடர்பான அறிவிப்புகள், அதன் பிறகு செலவு என்ற வரிசையில் படித்தால் ஒரு முற்பகல் போதும். நான் மூன்று கோப்புகளையும் முடித்து எழுந்தபோது அந்த அம்மையார், “அடுத்த தேர்தலுக்கும் வருவீங்களா சார்? வரவுத் தலைப்பு இப்போ எழுதி வெச்சிட்டேன்” என்றார். வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.